அம்மாவுக்கு எப்போது லீவு?

கேள்வி: எனக்கு மூன்று மகள்கள். பெரியவளுக்கு எட்டு வயது, நடுவுள்ளவளுக்கு ஐந்து, கடைக்குட்டிக்கு இரண்டு. ஒன்றரை வருடமாக வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். நானும் கணவரும் யோசித்து எடுத்த முடிவுதான், அதில் வருத்தமில்லை. ஆனால் அன்றாடம் திண்டாடுகிறேன். காலை ஒன்பது முதல் மூன்று வரை டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒரு நாள்கூட அது முழுதாக நடந்ததில்லை. சின்னவள் புத்தகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள், பென்சிலைப் பிடுங்குவாள். அவள் மதியம் தூங்கும் ஒரு மணி நேரத்தில்தான் பெரியவளோடு உட்கார்ந்து கணக்குச் சொல்லித்தர முடிகிறது. அந்த ஒரு மணி நேரமும் அழுகை. கழித்தலில் தினமும் அதே தப்பு. 42இல் 17 போனால் 35 என்கிறாள். போன வாரம் பொறுமை இழந்து நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். மற்றபடி அவள் மிகவும் பொறுப்பானவள். தங்கைகளைப் பார்த்துக்கொள்வாள், நடுவுள்ளவளுக்கு எழுத்துச் சொல்லித் தருவாள், சொல்லாமலே வேலை செய்வாள். நடுவுள்ளவளுக்கு இன்னும் வாசிக்க வரவில்லை. வீட்டுக்கு வரும் உறவினர்கள் புத்தகத்தை நீட்டி "எங்க, படி பாப்போம்" என்கிறார்கள். அவள் என் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். கணவர் இரவு எட்டு மணிக்கு வருகிறார், முடிந்த உதவி செய்கிறார். எனக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வருவதில்லை. பிள்ளைகளைக் கெடுக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. நேற்று பெரியவள் கேட்டாள், "உனக்கு எப்பம்மா லீவு?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை கழித்தல் கணக்கில்தான் கண் போனது. இருபது வருடம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் பாடம் நடத்தியவளுக்கு அந்தப் பழக்கம் போகாது. இரண்டாவது தடவை படிக்கும்போது வேறொரு வரியில் நின்றுவிட்டேன். சின்னவள் தூங்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பெரியவளோடு உட்கார முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். நாள் முழுக்க அம்மா மூன்று பேருக்கும் பொது. அவள் ஒருத்திக்கு மட்டும் அம்மா கிடைப்பது கணக்கு நேரத்தில். கணக்குப் புரிந்துவிட்டால் அம்மா எழுந்து போய்விடுவாள், பாத்திரமோ துணியோ காத்திருக்கும். புரியாவிட்டால் உட்கார்ந்திருப்பாள்.

அவள் வேண்டுமென்றே அழுகிறாள் என்று சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படித் திட்டமெல்லாம் போடத் தெரியாது. ஆனால் அழுதால் அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்பதை உடம்பு கற்றுக்கொண்டுவிடும். நாள் முழுவதும் குட்டி அம்மாவாக இருந்துவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவள் மறுபடி குழந்தையாகிறாள். குழந்தையானதும் அழுகை வருகிறது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

ஆகவே முதலில் நான் கேட்பது கணக்கைப் பற்றியது அல்ல. தினமும் பதினைந்து நிமிடம் பெரியவளோடு தனியாக இருங்கள். அதில் பாடம் கூடாது, திருத்தம் கூடாது, "அப்படியே அந்த ஏழாம் வாய்ப்பாட்டையும் சொல்லேன்" என்பதும் கூடாது. ஹோம்ஸ்கூலிங் செய்யும் அம்மாக்களுக்கு இந்தக் கடைசி விஷயம் மிகவும் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மழை பெய்தால் நீராவி பற்றிப் பேச வாய் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். அவள் என்ன செய்யச் சொல்கிறாளோ அதைச் செய்யுங்கள். சடை பின்னிவிடச் சொன்னால் பின்னிவிடுங்கள். சும்மா மடியில் தலைவைத்துப் படுத்தால் படுக்கட்டும். இதற்குக் கடிகார நேரம் குறிப்பதைவிட ஓர் இடம் குறிப்பது நல்லது: கணவர் வந்து சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளும்போது, இருவரும் மாடிப்படியிலோ வாசலிலோ உட்காருவது என்பது போல. இடம் நிலைத்தால் நேரம் தானாக வரும்.

இனி கணக்கு. அழுகையையும் தப்பையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். அவள் மனம் ஒரு பக்கம் இருக்கட்டும், 35 என்ற விடை அப்பட்டமான கணக்குப் பிரச்சினை. உலகம் முழுக்க எட்டு வயதுப் பிள்ளைகள் செய்யும் தப்பு அது. ஒன்றின் இடத்தில் 2க்குக் கீழே 7. இரண்டிலிருந்து ஏழு போகாதே என்று, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 என்று எழுதிவிடுகிறாள். பத்தின் இடத்தில் 4இல் 1 போனால் 3. ஆக 35. கவனக்குறைவாக இருந்தால் தப்பு தினமும் ஒரு மாதிரி மாறும். தினமும் ஒரே தப்பு வருகிறதென்றால், அவள் கையில் ஒரு விதி இருக்கிறது, அந்த விதி தவறு. 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இருவர் பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். கணினி நிரலில் இருக்கும் பிழை போல, குழந்தை ஒரு தவறான முறையை ஒழுங்காகப் பின்பற்றுகிறது என்பது அவர்கள் கண்டது. உங்கள் மகள் சோம்பேறி இல்லை. தவறான விதியை மிகச் சரியாகப் பின்பற்றுகிறாள்.

"பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கு" என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த விதி உடையாது. யார் வாங்குகிறார்கள், ஏன் ஒன்று வாங்கினால் பத்தாக வருகிறது என்பது அவளுக்கு மந்திரமாகவே இருக்கும். ஐஸ் குச்சிகள் ஐம்பது எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொல்லுங்கள், நீங்கள் கட்டித் தராதீர்கள், அவளே எண்ணிக் கட்ட வேண்டும். 42 என்றால் நான்கு கட்டு, இரண்டு உதிரி. இப்போது "எனக்குப் பதினேழு குச்சி குடு" என்று கையை நீட்டுங்கள். ஒரு கட்டைத் தந்துவிடுவாள். இன்னும் ஏழு வேண்டும், உதிரியாக இரண்டுதான் இருக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவள் உங்களைப் பார்ப்பாள், குச்சியைப் பார்ப்பாள். கொஞ்ச நேரத்தில் ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றுவாள். கழற்றிவிட்டாளென்றால் கடன் வாங்குதல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து உதிரி. அவளே எண்ணட்டும்.

மூன்று நான்கு நாள் நோட்டே வேண்டாம், குச்சி மட்டும். பிறகு ஒரு வாரம் குச்சியும் நோட்டும் பக்கத்தில் பக்கத்தில். கட்டை அவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் நோட்டில் 4ஐ அடித்து 3 என்று எழுதட்டும். கையால் தொட்டது முதலில், படம் அடுத்து, எண்ணும் குறியும் கடைசியில் என்ற வரிசையை ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் 1960களில் எழுதினார். நீங்கள் கடைசிப் படியில் ஏறி நின்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான் நடந்தது. ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு போதும். ஒரே நாளில் முப்பது கணக்குப் போட்டுவிட்டு ஒரு வாரம் விடுவதைவிட, ஆறு நாள் ஐந்து ஐந்தாகப் போடுவது மனதில் தங்கும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885இல் தன் ஞாபகத்தைத் தானே சோதித்துக் கண்டு சொன்னது இது, இன்றுவரை நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. எண்ணுவதற்கு மணி, விதை, பொத்தான், கோலி எதுவும் வேண்டாம். இரண்டு வயதுக்காரி இருக்கும் வீடு அது, எல்லாம் வாய்க்குப் போகும். பொம்மைகளிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி இன்னும் மோசம். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், வெளியே வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரப்பர் பேண்டுகளையும் பாடம் முடிந்ததும் எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள்.

இப்போது சுவரில் ஒட்டியிருக்கும் அந்தத் தாள். அதைக் கிழிக்கச் சொல்லவில்லை, பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் படம் வரையக் கொடுங்கள். ஒன்பது முதல் மூன்று என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், நானே அதற்குள் இருந்தவள். நாற்பது நிமிடப் பீரியடில் முப்பத்தைந்து பிள்ளைகள். வருகைப் பதிவு, நோட்டுக் கொடுத்து வாங்குவது, தண்ணீர், பாத்ரூம், "மிஸ், இவன் கிள்ளுறான்". ஒரு பிள்ளையின் நோட்டை நான் தனியாகக் குனிந்து பார்த்த நேரம் ஒரு நிமிடத்தைத் தாண்டியிருந்தால் அது நல்ல நாள். ஆறு மணி நேரம் என்பது கூட்டத்தைச் சமாளிக்கத் தேவைப்படும் நேரம். கூட்டம் இல்லாத உங்கள் வீட்டுக்கு அது எதற்கு?

ஒருவருக்கு ஒருவர் சொல்லித்தருவதன் பலத்தைப் பற்றி பெஞ்சமின் புளூம் என்ற கல்வி ஆய்வாளர் 1984இல் எழுதியது கல்வித் துறையில் பிரபலம். தனியாகச் சொல்லித்தரப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் இருந்தவர்களில் 98 விழுக்காட்டினரைத் தாண்டினார் என்றார். பிறகு வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவது பலன் தருகிறது என்பதில் மாற்றமில்லை. என் அனுபவத்தில் எட்டு வயதுக்கு உட்கார்ந்து படிக்கும் பாடம் ஒன்றரை மணி நேரம், அதுவும் இருபது இருபது நிமிடமாக, நடுவே ஓட்டம் சாட்டத்தோடு. ஐந்து வயதுக்குப் பத்து நிமிடம் இரண்டு தடவை. இரண்டு வயதுக்குப் பாடமே கிடையாது. மீதி நேரத்தில் அவர்கள் சும்மாவா இருப்பார்கள்? துணி மடிப்பார்கள், சண்டை போடுவார்கள், எறும்பைப் பார்ப்பார்கள், கதை கேட்பார்கள். அதையெல்லாம் பீரியடாக எழுதிக் காட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

சட்டப்படி யாரிடமாவது கணக்குக் காட்ட வேண்டியிருந்தால் அது வேறு. ஜெர்மனி போன்ற நாட்டில் வீட்டிலேயே படிக்கவைப்பதற்கு அனேகமாக அனுமதியே இல்லை. சில நாடுகளில் பதிவு செய்தால் போதும், சில இடங்களில் ஆண்டுதோறும் மதிப்பீடு உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை நேரில் விசாரித்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும், ஒரு நோட்டில் தேதி போட்டு அன்று நடந்ததை இரண்டு வரி எழுதி வாருங்கள். அதிகாரிக்கு ஆகுமோ இல்லையோ, ராத்திரி தூக்கம் வராமல் "இன்னிக்கு ஒண்ணுமே நடக்கல" என்று தோன்றும்போது எடுத்துப் பார்க்க உதவும்.

கடைக்குட்டியை வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அவள்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். பாடம் முடிந்ததும் அவளோடு விளையாடலாம் என்று தள்ளிப்போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வரிசையை மாற்றுங்கள். பாடம் தொடங்கும் முன்பே முதல் கால் மணி நேரம் அவளுக்கு. வயிறும் மனசும் நிறைந்த இரண்டு வயது, அடுத்த இருபது நிமிடம் பக்கத்திலேயே தன் பாட்டுக்கு விளையாடும். எல்லா நாளும் விளையாடாது, பாதி நாள் விளையாடினால் லாபம். அவளுக்கென்று ஒரு கூடை இருக்கட்டும், பாடம் நடக்கும்போது மட்டும் கைக்கு வருகிற கூடை: பெரிய மூடிகள், ஒன்றுக்குள் ஒன்று போகும் டப்பாக்கள், ஒரு பழைய நோட்டும் தடித்த கிரேயானும். தண்ணீரில் விளையாட விட்டால் நன்றாகப் பொழுது போகும்தான். ஆனால் இரண்டு வயதுக் குழந்தை ஒரு சாண் ஆழம்கூட இல்லாத தண்ணீரில் மூழ்கிவிடும், ஆகவே நீங்கள் கணக்கில் குனிந்திருக்கும்போது அது வேண்டாம்.

நடுவுள்ளவளுக்கு வருகிறேன். ஐந்து வயதில் வாசிக்கவில்லை என்பது ஒரு பிரச்சினையே இல்லை. பின்லாந்தில் பள்ளிப் படிப்பு ஆரம்பிப்பதே ஏழு வயதாகும் ஆண்டில்தான். அதோடு, அவள் படிக்கப்போவது தமிழ் என்றால் எழுத்துமுறையின் கஷ்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216, ஆக 247. நம்மைப் போன்ற எழுத்துமுறை கொண்ட கன்னடத்தில் பிள்ளைகள் வாசிக்கக் கற்பதை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்டார். எழுத்துகள் முழுவதும் பிடிபட ஆங்கிலத்தைவிட அதிக நாள் எடுக்கிறது, நான்காம் வகுப்பு வரைகூட நீள்கிறது என்று அதில் தெரிந்தது. உங்கள் மகளுக்கு ஐந்துதான்.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, நமக்குப் பழகிப்போனதால் கண்ணுக்குத் தெரியாது. "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் வாயில் முதலில் வருவது க் சத்தம். "கொ" என்றால் இன்னும் வேடிக்கை: முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால், இவை மூன்றும் சேர்ந்து ஒரே ஒலி. இடமிருந்து வலமாக ஒழுங்காகப் பார்க்கும் குழந்தைதான் இதில் தடுமாறும். அவள் தடுமாறினால் கவனிக்கிறாள் என்று அர்த்தம்.

247 கட்டம் போட்ட அட்டவணையை மேலிருந்து கீழாக ஒப்பிக்கவைப்பதை நிறுத்துங்கள். ட, ப, ம, த என்று நான்கு எழுத்தும் ஒரு புள்ளியும் எடுத்துக்கொண்டால் படம், மடம், பட்டம், மட்டம், தடம் என்று முதல் வாரமே முழுச் சொல் வாசிப்பாள். அடுத்து துணைக்கால் ஒன்றை மட்டும் கொண்டுவாருங்கள், அட்டையில் தனியாக வெட்டி. "படம்" என்று வைத்து ப பக்கத்தில் அந்தக் காலைச் செருகினால் "பாடம்". மடம் மாடமாகும், பதம் பாதமாகும். காலைச் செருகுவதும் உருவுவதுமாக அவள் விளையாடட்டும். முப்பது எழுத்தும் சில குறிகளும் பிடிபட்டால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். உ, ஊ வரிசை மட்டும் கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசாக வளையும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ல, ள, ழ சண்டையை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

"இருக்கிறது" என்று புத்தகத்தில் இருப்பதை அவள் "இருக்கு" என்று வாசிக்கும் நாள் ஒன்று வரும். திருத்தக் கை நீளும். விடுங்கள். எழுத்தைக் கூட்டி, பொருளைப் புரிந்து, தன் வாய்ப் பேச்சில் அவள் சொல்லியிருக்கிறாள், அதைவிட நல்ல வாசிப்பு ஐந்து வயதில் எது? எழுத்து நடை காதில் ஏற ஏற அது தானாகச் சரியாகும். அதற்குத் தினமும் யாராவது அவளுக்கு உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருக்க வேண்டியதில்லை, அதற்கு ஆள் வைத்திருக்கிறேன், கீழே சொல்கிறேன்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு, கதையில் ஒரே மாதிரி முடியும் சொற்களைக் கண்டுபிடிக்க முடியாமல் இருந்தால், நன்றாகச் சொல்லித்தந்தும் ஒரு வருடத்துக்குப் பிறகும் பழகிய எழுத்துகளே தங்காமல் இருந்தால், குடும்பத்தில் யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்திருந்தால் காட்டிப் பார்க்கலாம். அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேரை "கவனமில்லை" என்று நான் திட்டியிருக்கிறேன். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

உறவினர் விஷயத்துக்கு ஒரே ஒரு வரி. புத்தகம் நீளும்போது அவள் பதில் சொல்வதற்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள்: "அவ இப்ப கதை கேக்கிற கட்டத்துல இருக்கா. நீங்க படிச்சுக் காட்டுங்களேன்." பெரும்பாலும் புத்தகம் மூடிவிடும். சிலர் நிஜமாகவே படித்துக் காட்டுவார்கள், அதுவும் நல்லதுதான்.

பெரியவள் பொறுப்பானவள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பெருமைதான். ஆனால் நான் அவள் வேலைப் பட்டியலைக் கொஞ்சம் வெட்டச் சொல்வேன். தன் தட்டைக் கழுவட்டும், தன் துணியை மடிக்கட்டும், அதெல்லாம் எந்தப் பிள்ளையும் செய்யலாம். கடைக்குட்டி அழுதால் ஓடிப்போய்த் தூக்குவதும், நடுவுள்ளவளுக்கு எழுத்துச் சொல்லித்தருவதும் அவள் பொறுப்பாக இருக்கக் கூடாது. ஆசைப்பட்டு விளையாட்டாக டீச்சர் வேஷம் போட்டால் போடட்டும். தங்கைக்கு வாசிப்பு வராததற்கு அவள் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நிலை வேண்டாம். மூத்த பெண் இருக்கும் வீடுகளில் இது யாரும் முடிவு செய்யாமலே நடந்துவிடும். நீங்களும் மூத்தவள்தானோ என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு, கடிதத்தின் தொனியில் அது தெரிகிறது.

நோட்டை எறிந்ததற்கு வருகிறேன். எறிந்திருக்க வேண்டாம். ஆனால் அதோடு எல்லாம் போய்விடவில்லை. கைக்குழந்தைகளையும் தாய்மார்களையும் பல வருடம் பார்த்த எட்வர்டு டிரோனிக் என்ற உளவியலாளர் சொன்ன விஷயம் ஒன்று எனக்குப் பிடிக்கும். நன்றாக இருக்கும் ஜோடிகளில்கூடத் தாயும் பிள்ளையும் ஒத்துப்போகும் நேரம் பாதிக்கும் குறைவுதான். பிசகுவதும் பிறகு சேர்த்துக்கொள்வதுமாகவே உறவு வளர்கிறது. கைக்குழந்தைக்கு அவர் சொன்னதை எட்டு வயதுக்கு நான் நீட்டிக்கொள்கிறேன். ஆகவே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரமானாலும் தாமதமில்லை. "அன்னிக்கு நோட்டத் தூக்கிப் போட்டேன்ல, அது தப்பு. எனக்குக் கோபம் வந்துச்சு, அத நான்தான் பாத்துக்கணும், நீ இல்ல." இவ்வளவுதான். இதன் பின்னால் "ஆனா நீயும்..." என்று ஒரு வால் ஒட்டிவிடாதீர்கள்.

உங்களைப் பற்றிப் பேசாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். பள்ளியில் எனக்கு ஸ்டாஃப் ரூம் என்று ஒன்று இருந்தது. சின்ன அறை, ஃபேன் சத்தம் போடும், நாற்காலி ஒன்று ஆடும். ஆனால் அங்கே எந்தப் பிள்ளையும் என்னைப் பார்க்க முடியாது. காலை நீட்டி உட்காரலாம், ஒரு பிள்ளையைப் பற்றிப் புலம்பலாம், ஒன்றும் பேசாமலும் இருக்கலாம். மணி அடித்தால் வேறு ஆளாக வெளியே வருவேன். இருபது வருடம் என்னால் தாக்குப்பிடிக்க முடிந்தது அந்த அறையால்தான். உங்களுக்கு அப்படி ஒரு அறை இல்லை. கண் விழித்ததிலிருந்து மூன்று ஜோடிக் கண்கள் உங்கள் மேலேயே இருக்கின்றன.

ஆகவே சின்னவளின் மதியத் தூக்கத்திலிருந்து கணக்கை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது. பெரியவளும் நடுவுள்ளவளும் அவரவர் இடத்தில் சத்தமில்லாமல் இருக்க வேண்டிய நேரம்: புத்தகம், படம், பொம்மை, எதுவானாலும் சரி. முதல் நாள் பத்து நிமிடம்தான் தாங்கும், மெல்ல நீளும். கணக்கைக் காலையில், கடைக்குட்டியின் கால் மணி நேரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அந்த மதிய நேரத்தில் வீட்டு வேலை செய்யாதீர்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள், எனவே பாதியாவது செய்யாதீர்கள்.

கணவரைப் பற்றி "முடிந்த உதவி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உதவி என்ற சொல்தான் உங்களை மேலாளராக ஆக்குகிறது. என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் நினைத்து, நீங்கள் சொல்லி, பிறகு நன்றியும் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு முழுப் பொறுப்பை மாற்றிக் கொடுங்கள். இரவில் உரக்கக் கதை படிப்பது இனி அப்பாவின் துறை. எந்தப் புத்தகம், எங்கே நிறுத்தினோம், யார் எந்தப் பக்கம் படுப்பது எல்லாம் அவர் தலைவலி. தப்பாகப் படித்தாலும் நீங்கள் அடுத்த அறையிலிருந்து திருத்தக் கூடாது. எட்டு மணிக்கு வருகிறவரால் முடியும், ஆனால் ஒன்பதைத் தாண்டக் கூடாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கமும், மூன்றிலிருந்து ஐந்துக்கு 10 முதல் 13 மணி நேரமும் வேண்டுமென்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. தூக்கம் குறைந்த பிள்ளைக்கு மறுநாள் 42இல் 17 போகவே போகாது.

உங்கள் தூக்கம் பற்றி ஒரு கேள்வி. பிள்ளைகள் தூங்கிய பிறகும், படுக்க நேரம் இருந்தும், தூக்கம் வரவில்லையா? முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லையா? அநேகமாகத் தினமும், இரண்டு வாரத்துக்கு மேலாக அப்படி என்றால் அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள், டைம்டேபிளை மாற்றி அதைக் குணப்படுத்த முடியாது. உங்களையே ஏதாவது செய்துகொள்ளலாம் போல எண்ணம் வந்தால் அன்றைக்கே கணவரிடமோ மருத்துவரிடமோ சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, பெரியவள் கேட்ட கேள்வி. அவளுக்கு ஒரு தேதி சொல்லுங்கள். "அம்மாவுக்கு லீவெல்லாம் கிடையாதுடா" என்று சிரித்துச் சமாளிக்காதீர்கள், அவள் கேட்டது உங்களுக்காக மட்டும் அல்ல, பின்னாளில் தன் நாள் எப்படி இருக்கும் என்றும்தான். கணவருக்கு விடுமுறை வரும் நாளாகப் பார்த்து அரை நாள் எடுத்துக்கொண்டு, காலண்டரில் அவளையே வட்டம் போடச் சொல்லுங்கள். அன்று தனியாக வெளியே போங்கள். பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கப் போகாதீர்கள்.

குச்சிக் கணக்கு எப்படிப் போகிறது என்று மூன்று வாரம் கழித்து எழுதுங்கள், ரப்பர் பேண்டை அவள் எப்போது கழற்றினாள் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன். நடுவுள்ளவளின் வாசிப்பைப் பற்றி மட்டும் ஆறு மாதத்துக்கு எழுத வேண்டாம்.